அரியலூர்ச் சிப்பியை ஆசிட்டில் போடும் முன்: சுண்ணாம்புக்கல்லிலிருந்து புதைபடிவம் எடுக்கும் முழு வழிகாட்டி

சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். சிப்பியின் ஓடும் கால்சியம் கார்பனேட்தான். இரண்டையும் ஒன்றாக வினிகரில் போட்டால் இரண்டும் ஒன்றாகவே கரையும். காணொளி ஒன்றை நம்பி ராத்திரி ஊறவைத்த சிப்பிக் கல், காலையில் பார்த்தால் அடியில் சாம்பல் நிறச் சேறாகக் கிடப்பது இதனால்தான்.

ஆசிட் முறை பலிக்க வேண்டுமானால் கல் கார்பனேட்டாகவும், உள்ளே இருப்பது வேறு பொருளாகவும் இருக்க வேண்டும். அப்படி இருப்பவை இரண்டு வகை. ஒன்று, பாஸ்பேட்: சுறாப் பல், மீன் எலும்பு, செதில், ஊர்வனவற்றின் எலும்பு. இன்னொன்று, சிலிக்காவாக மாறிப்போன சிப்பி, மரம், கடற்பஞ்சு. இந்த இரண்டுக்கும் ஆசிட் கொடுக்கும் முடிவை எந்த உளியும் கொடுக்காது; பல்லின் ரம்ப விளிம்புகூட அப்படியே வெளிவரும். மற்றதற்கெல்லாம் ஆசிட் எமன். அதனால் இங்கே கணிசமான பகுதி, பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனையைப் பற்றியது.

கல் எங்கிருந்து வந்தது?

நம் சேலத்துக் கல்லில் புதைபடிவம் கிடையாது. சேர்வராயன் மலையின் சார்னோக்கைட் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. ஓடுள்ள உயிரினங்கள் உலகில் பெருகி 54 கோடி ஆண்டுதான் ஆகிறது. அதோடு அது பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்த பாறை. வெள்ளக்கல்பட்டிப் பக்கத்து வெள்ளைக்கல் மேக்னசைட். அது சுண்ணாம்புக்கல்லே இல்லை. சங்ககிரிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல், கார்பனேட் என்பது உண்மை. ஆனால் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிப் படிகமான கல் அது. உள்ளே ஏதாவது இருந்திருந்தாலும் அழிந்துபோயிருக்கும். ஏற்காட்டுப் பாறையில் செடிபோலத் தெரியும் கறுப்புக் கிளைக்கோலம் பெரும்பாலும் மாங்கனீசு ஆக்ஸைடு படிந்தது, இலைப் படிவம் அல்ல.

சேலத்து வீடுகளுக்கு வந்துசேரும் கல் பெரும்பாலும் ஆத்தூர், பெரம்பலூர் தாண்டி அரியலூர் வட்டாரத்திலிருந்து வருவது. சுமார் 10 கோடி ஆண்டிலிருந்து 6.6 கோடி ஆண்டு முன்வரை, கிரெட்டேசியஸ் காலத்தில், கடல் வந்து வந்து போன இடம் அது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் தடித்த சிப்பிகள், கருடமங்கலத்தில் சிப்பி அடர்ந்த பளிங்கு போன்ற கல், கல்லக்குடி டால்மியாபுரத்தில் பவளப்பாறைச் சுண்ணாம்பு, காரைப் பக்கத்துக் களிமண்ணில் பாஸ்பேட் உருண்டைகளும் சுறாப் பற்களும். இந்தப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும்: ஆசிட்டுக்குப் பொருந்துவது சிறுபான்மை.

எடுத்துவருவதிலும் வரையறை உண்டு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் இருக்கும் 18 மீட்டர் கல்மரமும் அதன் வளாகமும் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். அங்கே ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. சுரங்கங்களுக்குள் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். கல்லை எடுத்த இடம், அடுக்கு, தேதி ஆகியவற்றை அன்றே எழுதிவையுங்கள். இடம் தெரியாத பல், அழகுப் பொருள் மட்டுமே.

முதல் சோதனை: உள்ளே இருப்பது என்ன?

நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி (லூப்), ஒரு எஃகு ஊசி, ஒரு சொட்டுக்குழாய், கொஞ்சம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட். இவ்வளவு போதும். கடையில் விற்கும் 30 சதவீத ஆசிட் ஒரு பங்கை இரண்டு பங்கு தண்ணீரில் ஊற்றினால் 10 சதவீதம். 20 மில்லிக்கு மேல் வேண்டாம்.

கல்லில் ஒரு சொட்டு விடுங்கள். உடனே பொங்கினால் கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட் தாது. மெல்ல, ஊசியால் சுரண்டிப் பொடியாக்கிய இடத்தில் மட்டும் பொங்கினால் டோலமைட், அதாவது மக்னீசியமும் கலந்த கார்பனேட். வினிகரில் இருக்கும் அசெட்டிக் ஆசிட் அதை அவ்வளவாகத் தொடாது, இந்த முறை உங்களுக்கு உதவாது. பொடியிலும் அசையாமல், சூடான ஆசிட்டில் மட்டும் நுரைத்தால் அது வெள்ளைக்கல்.

அடுத்து, புதைபடிவத்தின் உடைந்த ஓரத்தில், லூப் வழியாகப் பார்த்தபடி, குண்டூசி முனையளவு சொட்டு. அதுவும் பொங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். பொங்கவில்லை என்றால் எஃகு ஊசியால் கீறிப் பாருங்கள். ஊசி வழுக்கிக்கொண்டு போய், பதிலுக்குக் கண்ணாடிச் சில்லை அது கீறினால் சிலிக்கா. கீறல் விழுந்து, பழுப்பு அல்லது கருநீல மினுமினுப்பும் லூப்பில் நுண்துளைகளும் தெரிந்தால் பாஸ்பேட் எலும்பு அல்லது பல். சொட்டு விட்ட இடத்தை உடனே தண்ணீரில் கழுவுங்கள்; ஹைட்ரோகுளோரிக் பாஸ்பேட்டையும் தின்னும், மெதுவாக.

சிப்பிகளில் ஏமாற்றுவது அரைகுறையாகச் சிலிக்காவானவை. மேல்தோல் சிலிக்கா, உள்ளே கால்சைட். ஆசிட்டில் வெளிவரும்போது முட்டைத்தோடு மாதிரி மெலிந்து, தூக்கும்போதே நொறுங்கும். ஆகவே நல்ல மாதிரியைத் தொடும் முன், அதே கல்லின் மதிப்பில்லாத துண்டு ஒன்றை ஒரு நாள் முழுக்க வினிகரில் போட்டுப் பாருங்கள். வேறு எந்தச் சோதனையைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

எந்த ஆசிட்

அசெட்டிக் மட்டும். 1940-களின் கடைசியில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் டூம்ப்ஸ் எலும்புப் படிவங்களுக்குப் பயன்படுத்தி எழுதிய முறை இது. இன்றும் அடிப்படை மாறவில்லை. ஃபார்மிக் வேகமானது, ஆனால் அதன் ஆவியும் தோல் காயமும் வீட்டுக்கு ஆகாது. கக்கூஸ் ஆசிட் எனப்படும் ஹைட்ரோகுளோரிக், எலும்பைக் கல்லோடு சேர்த்துக் கரைக்கும். சேலத்தில் கொலுசுப் பட்டறைக்காரர் தெரிந்தவராக இருப்பார், அவரிடம் ஆசிட் இருக்கும் என்று ஒரு யோசனை வரும். வேண்டாம். நைட்ரிக் பாஸ்பேட்டை அழிக்கும். சல்பூரிக் சுண்ணாம்புக்கல்மேல் ஜிப்சம் ஓடு ஒன்றைக் கட்டிவிடும்; சற்று நேரத்தில் வினையே நின்றுபோகும், அந்த ஓட்டை அகற்றுவது கல்லை உடைப்பதைவிடக் கஷ்டம்.

மளிகைக் கடை வெள்ளை வினிகர் சுமார் 4 சதவீத அசெட்டிக். எலுமிச்சை அளவுக் கல்லுக்கு அதுவே போதும். பெரிதாகச் செய்வதென்றால், கல்லூரிகளுக்கு லேப் கெமிக்கல் கொடுக்கும் கடையில் 500 மில்லி க்ளேசியல் அசெட்டிக் (தண்ணீர் கலக்காத, செறிந்த அசெட்டிக் ஆசிட்) பாட்டில். 2013-ல் உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்த பிறகு, அடையாள அட்டையும் வாங்கும் காரணமும் கேட்பார்கள். 18 வயதுக்குக் கீழ் கொடுக்கமாட்டார்கள்.

இந்த பாட்டிலுக்கு இரண்டு குணம் உண்டு, இரண்டும் நம் ஊர்த் தட்பவெப்பத்தோடு மோதுபவை. க்ளேசியல் அசெட்டிக் 16.6 டிகிரியில் உறையும். ஏற்காட்டில் மார்கழி, தை இரவில் பாட்டில் கல்லாகிக் கிடக்கும். மூடியைச் சற்றுத் தளர்த்தி, வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் நிறுத்திவைத்தால் உருகிவிடும். அடுப்பில் காட்டக் கூடாது. ஏனென்றால் இரண்டாவது குணம்: 40 டிகிரியை ஒட்டி அதன் ஆவி தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். சித்திரை, வைகாசியில் சேலத்து மொட்டை மாடி அறை அந்தச் சூட்டைத் தாண்டும். தரைத்தளத்தில், நிழலில், சாமி விளக்குக்கும் கேஸ் அடுப்புக்கும் தூரமாக வையுங்கள்.

மற்ற சாமான்கள்

12 முதல் 15 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் டப். இரும்பு, அலுமினியம், துத்தநாகம் பூசிய வாளி கூடாது, எவர்சில்வர் சமையல் பாத்திரமும் வேண்டாம். டப்புக்குள் கவிழ்த்துவைக்க ஒரு பிளாஸ்டிக் வடிகூடை. நைட்ரைல் கையுறை, பக்கவாட்டு மூடிய கண்ணாடி. அமிலத்தன்மையை நிறத்தால் காட்டும் பிஹெச் தாள். கால்சியம் பாஸ்பேட் 50 கிராம். கிளிஞ்சல் கால் கிலோ. பாராலாய்டு பி-72 (எலும்பைக் கெட்டிப்படுத்திக் காக்கப் பூசும் அக்ரிலிக் பிசின்) மணிகள் 50 கிராம், அதைக் கரைக்கச், சுத்தமான அசிட்டோன் அரை லிட்டர். நகப்பூச்சு நீக்கி அசிட்டோன் ஆகாது, அதில் எண்ணெயும் நிறமும் கலந்திருக்கும். ஃபெவிகாலும் ஆகாது, தண்ணீரில் வெள்ளையாக இளகி உரிந்துவரும். ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் கிடைக்கும் பாலியெஸ்டர் வலை, 100 மெஷ், ஒரு துண்டு.

வேலை செய்யும் இடம் திறந்த வெளி. மொசைக் தரையிலும் மார்பிள் படியிலும் சுண்ணாம்பு இருக்கிறது, ஒரு சொட்டு விழுந்தாலும் மினுக்கம் போய்விடும். டப்பைப் பெரிய பிளாஸ்டிக் தட்டில் வையுங்கள். மாடு, ஆடு, குழந்தை எட்டாத இடம். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய குளியலறையில் வைக்கவே கூடாது: ஆசிட் பட்டால் குளோரின் வாயு வரும்.

கரைசல் கணக்கு

100 கிராம் கால்சைட்டைக் கரைக்க 120 கிராம் அசெட்டிக் ஆசிட் தேவை. 10 லிட்டர் டப்பில் 5 சதவீதக் கரைசல் வைத்தால், கணக்குப்படி 430 கிராம் கல் கரைய வேண்டும். நடைமுறையில் ஆசிட் தீரத் தீர வேகம் குறையும். 250 முதல் 300 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது ஒரு கிலோ கல்லை முழுதாகக் கரைக்க மூன்று, நான்கு டப் கரைசல். கல்லைச் சுற்றி இருக்கும் வெற்றுப் பகுதியை முதலிலேயே உளியால் தட்டிக் குறைப்பது எவ்வளவு மிச்சம் என்று இதிலிருந்து தெரியும். 300 கிராம் கரைந்தால் 70 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்ஸைடு வெளிவரும். மூடி போட்டு இறுக்கினால் டப் வெடிக்கும். மூடிய அறையில் அந்த வாயு தரையோடு தேங்கும்.

புதுக் கரைசலின் பிஹெச் 2.4 அளவில் இருக்கும். எலும்புக்கு அது ஆகாது. 3.6-க்குக் கீழ் இறங்கினால் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். பல்லின் பளபளப்பு போய்ச் சுண்ணாம்படித்த மாதிரி வெளுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். தீர்வு எளிது: கல்லைப் போடும் முன்பே கரைசலில் கால்சியம் அசெட்டேட் (சுண்ணாம்பு இந்த ஆசிட்டில் கரையும்போது உண்டாகும் உப்பு) இருக்கச் செய்ய வேண்டும்.

முதல் தடவை இப்படிச் செய்யுங்கள்:

1. டப்பில் 9.5 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். மேட்டூர் தண்ணீர் நல்லது. போர் தண்ணீரில் உப்பு அதிகம்.
2. 500 மில்லி க்ளேசியல் அசெட்டிக்கை மெல்லிய தாரையாக அதில் ஊற்றுங்கள். ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யாதீர்கள்.
3. 100 கிராம் கிளிஞ்சலை உடைத்துப் போட்டு, அது கரையும்வரை ஒன்றிரண்டு நாள் விடுங்கள். கரும்பலகைச் சாக்குக்கட்டி பெரும்பாலும் ஜிப்சம், அது இந்த வேலை செய்யாது.
4. 10 கிராம் கால்சியம் பாஸ்பேட்டைத் தூவிக் கலக்குங்கள். முழுதும் கரையாது, அடியில் தங்கினால் பரவாயில்லை. கரைசலுக்குப் பாஸ்பேட் பசி இருந்தால் எலும்பை விட்டு இதை எடுத்துக்கொள்ளும்.
5. பிஹெச் தாளில் 4 பக்கம் காட்ட வேண்டும்.

அடுத்த டப்பிலிருந்து கிளிஞ்சல் தேவையில்லை. தீர்ந்த கரைசலை வலையில் வடித்து, 3 லிட்டர் பழையது, 6.3 லிட்டர் தண்ணீர், 700 மில்லி க்ளேசியல் என்று கலக்கிக்கொள்ளலாம். சிலிக்காப் படிவத்துக்கு இந்தச் சடங்கெல்லாம் வேண்டாம். வெறும் 10 சதவீதக் கரைசலே போதும்.

ஊறவைப்பதும் கழுவுவதும்

கல்லைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். ஏற்கெனவே வெளியே தெரியும் எலும்புப் பகுதிக்கு முதலில் 5 சதவீதப் பாராலாய்டு: 5 கிராம் மணி, 100 மில்லி அசிட்டோன். மெலிந்த கரைசல் எலும்புக்குள் இறங்கும். அது காய்ந்தபின் 15 சதவீதத்தில் மேல்பூச்சு. கல்லின் மேல் வழியவிடாதீர்கள், வழிந்த இடத்தில் ஆசிட் இறங்காது. மணிகளைத் துணியில் முடிந்து அசிட்டோனில் தொங்கவிட்டால் ஒரு ராத்திரியில் கரையும். அடியில் கொட்டினால் பசைக்கட்டியாக ஒட்டிக்கொள்ளும். பூச்சுக்குப் பின் ஒரு முழு நாள் காயவேண்டும்.

ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கும் நேரத்திலும் அடைமழையிலும் பாராலாய்டு பூசினால் மேலே பால்போல வெள்ளைப் படலம் விழும். அசிட்டோன் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து ஈரத்தை இழுப்பதால் வருவது. வெயில் வந்த நாளில் மேலாக அசிட்டோன் தடவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இப்போது கல்லை வடிகூடைமேல், எலும்பு கீழ்நோக்கி இல்லாதபடி வைத்துக் கரைசலில் இறக்குங்கள். கூடை எதற்கு? கரையாத களிமண் கீழே விழவேண்டும். தரையில் வைத்த கல்லைச் சுற்றிச் சேறு கட்டினால் ஆசிட் உள்ளே போகாது.

எவ்வளவு நேரம்? திடமான சுறாப் பல்லுக்கு 24 மணி நேரம். விரிசல் விட்ட, பஞ்சு போன்ற எலும்புக்கு 6 முதல் 12 மணி நேரம், அதற்குமேல் ஒரு சுற்றில் வேண்டாம். ஒரு நாளில் கரைவது சில மில்லிமீட்டர்தான். கோடையில் சேலத்தில் வேகம் கூடும், ஏற்காட்டுக் குளிரில் பாதியாகவும் குறையலாம். கடிகாரத்தைவிடக் குமிழியைப் பாருங்கள். குமிழி நின்று, பிஹெச் 5-ஐத் தாண்டினால் கரைசல் தீர்ந்துவிட்டது.

எடுத்ததும் கழுவுவதுதான் பொறுமை கெடும் இடம். ஆசிட்டில் இருந்த நேரத்தைப்போல் மூன்று மடங்கு தண்ணீரில் இருக்க வேண்டும். 24 மணி நேரம் ஊறினால் மூன்று நாள் தண்ணீர், முதல் நாள் மூன்று நான்கு தடவை மாற்றி, பிறகு காலை மாலை. குழாயடியில் ஒரு அலசல் போதும் என்று காயவைத்தால், நுண்துளைக்குள் தங்கிய கால்சியம் அசெட்டேட் படிகமாகி வெள்ளை மயிர்போல முளைக்கும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளிருந்து எலும்பைப் பிளந்துவிடும். முளை கண்டால் உடனே திரும்பத் தண்ணீரில் போடுங்கள். கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில். ஆர்ஓ தண்ணீரும் சரி. ஆர்ஓ கழிவுத் தண்ணீர் சரியல்ல, உப்பெல்லாம் அதில்தான்.

பிறகு நிழலில், வலைமேல், மெதுவாக உலர்த்தல். வெயிலில் வைத்தால் களிமண் சுருங்கி விரிசல் விடும். உலர்ந்தபின் புதிதாக வெளிவந்த பகுதியை மென்பிரஷ்ஷால் துடைத்து, மறுபடி 5, மறுபடி 15 சதவீதப் பூச்சு, மறுநாள் அடுத்த சுற்று. ஒரு எலும்புத் துண்டுக்கு இப்படிப் பத்துப் பதினைந்து சுற்று ஆவது சாதாரணம். அவசரப்படுகிறவர்களுக்கு ஏற்ற பொழுதுபோக்கு இது அல்ல.

பல்லோ எலும்போ தாங்க இடமில்லாமல் அந்தரத்தில் நிற்கத் தொடங்கும் நேரம் ஒன்று வரும். அதற்குமேல் கரைத்தால் சொந்த எடையிலேயே உடையும். அங்கே இரண்டு வழி: கீழே கொஞ்சம் கல்லைப் பீடமாக விட்டு, அதன்மேல் தடிப்பாகப் பாராலாய்டு பூசிக் காப்பது, அல்லது முழுதாக விடுவித்து, கூடையில் வலை விரித்துப் பிடிப்பது. பல்லுக்கு இரண்டாவது, எலும்புக்கு முதலாவது. முழுதாக வெளியெடுத்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான் நல்ல மாதிரிகள் பல போயிருக்கின்றன.

டப்பின் அடியில் சேர்ந்த சேற்றைக் கொட்டிவிடாதீர்கள். 100 மெஷ் வலை 0.15 மில்லிமீட்டருக்குப் பெரியதையெல்லாம் பிடிக்கும். அலசி உலர்த்தி லூப்பில் பார்த்தால் மீன் பல், செதில், சின்னச் சுறாத் தோல் முட்கள் அகப்படலாம். வெளிநாட்டு வழிகாட்டிகள் இந்த இடத்தில் கோனோடாண்டை (பழங்காலக் கடலுயிர் ஒன்றின் நுண்ணிய, பல் போன்ற படிவம்) தேடச் சொல்லும். அரியலூர்க் கல்லில் தேடிப் பயனில்லை, அந்த உயிரினம் கிரெட்டேசியஸுக்கு வெகு முன்பே, டிரையாசிக் முடிவில் அழிந்துவிட்டது.

சிப்பி, அம்மோனைட் (சுருள் ஓட்டுக் கடலுயிர்), கடல் முள்ளெலி என்றால்

சொட்டு விட்டதும் பொங்கியவை இவை. சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறவைத்தால் களிமண் கலந்த கல் தானாகவே உதிரும்; காரைக் களிமண்ணுக்கு இதுவே போதும். கெட்டியான கல்லுக்கு ஊசி, சிறிய உளி, லூப். சிப்பியின் பரப்புக்குச் செங்குத்தாகக் குத்தினால் ஒட்டிய கல் செதிலாகத் தெறிக்கும். சாய்த்துச் சுரண்டினால் ஓட்டில் கீறல் விழும். சில நொடி வினிகர் தடவி மினுக்கும் பழக்கம் ஒன்று உண்டு. மினுக்கம் வரும், வளர்ச்சிக்கோடுகள் போகும். செய்யாதீர்கள்.

விபத்தும் கழிவும்

க்ளேசியல் தோலில் பட்டால் உடனே எரியாது, அதனால் அலட்சியம் வரும். கொப்புளம் பிறகு எழும். குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீர். கண்ணில் பட்டாலும் அதே, கழுவிய கையோடு ஆஸ்பத்திரி. சமையல் சோடா தரையில் சிந்தியதற்குத்தான், தோலுக்கோ கண்ணுக்கோ அல்ல.

தீர்ந்த கரைசலில் வெற்றுச் சுண்ணாம்புக்கல் சில்லுகளைப் போட்டு இரண்டு நாள் விடுங்கள். மிச்சத்துக்குச் சலவைச் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவி, பிஹெச் 7 பக்கம் வரவையுங்கள். மொத்தமாகப் போட்டால் நுரை பொங்கி வழியும். நடுநிலையான கால்சியம் அசெட்டேட் நஞ்சு அல்ல. பத்து மடங்கு தண்ணீர் சேர்த்துச் சாக்கடையில் விடலாம். கிணற்றடி, ஏரிக்கரை, ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குள் இறங்கும் ஓடை ஆகிய இடங்களில் ஊற்றக் கூடாது. அசெட்டேட்டைத் தின்னும் பாக்டீரியா தண்ணீரின் ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ளும். பாராலாய்டு ஒட்டிய துணியைக் கொடியில் போட்டு, அசிட்டோன் முழுக்கப் பறந்தபிறகே குப்பையில் சேருங்கள்.